பிஸ்கட் டப்பாவுக்குள் ஓர் அரண்மனை

சரவணா,

உன் கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை அப்பா நேற்று திருத்தங்கல் பிரஸ்ஸிலிருந்து கொண்டுவந்தார். பிழை பார்த்துக் கொடு என்று என் கையில் தந்தார். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. மண்டபம், நேரம், மாமன்மார் பெயர் எல்லாம் சரியாக இருக்கிறது. பார்த்து முடித்து மடித்து வைத்தபோதுதான், இந்த வீட்டில் திருத்த வேண்டிய பிழை வேறு ஒன்று கிடக்கிறது, பத்திரிகை அச்சாவதற்கு முன்னால் அதைத் திருத்திவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஃபோனில் சொல்லலாம். சொன்னால் நீ "விடும்மா, இப்ப எதுக்கு அது" என்பாய். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரைக்கும் படி. படித்ததும் நிவேதாவுக்குக் கொடு. சித்தப்பா கேட்டால் அவருக்கும் கொடு. இது மறைத்துவைக்கிற கடிதம் இல்லை.

போன மாதம் விருதுநகரில் பெண் பார்க்கப் போனோமே, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். நிவேதா காபித் தட்டைக் கொண்டுவந்தாள். நீ வழக்கம்போல இடது கையால் தம்ளரை எடுத்தாய், வலது கையை மடியில் துண்டுக்கு அடியில் வைத்திருந்தாய். அவள் அம்மா அதைப் பார்த்துவிட்டுக் குத்தலாக இல்லாமல் சாதாரணமாகத்தான் கேட்டார்கள், தம்பிக்குக் கையில் என்ன என்று. நீ கையைத் தூக்கிக் காட்டினாய். மடங்கி ஒட்டிப்போன இரண்டு விரலையும், பளபளவென்று இருக்கிற உள்ளங்கைத் தோலையும் காட்டிச் சிரித்தாய். "சின்னப் பிள்ளையில அம்மா சொல்லச் சொல்லக் கேக்காம, பத்த வச்ச வெடியக் கையில பிடிச்சிட்டேன் அத்தை. சொல்பேச்சு கேக்காட்டி இதான் கதி" என்றாய். எல்லாரும் சிரித்தார்கள். அம்புட்டுச் சேட்டை என்று உன் சித்தப்பா தன் பங்குக்குச் சேர்த்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் கசந்துகொண்டிருக்கிறது. ஏனென்றால் நீ சொன்னது நான் ஆஸ்பத்திரியில் வைத்துச் சொன்ன அதே வார்த்தை. வரிசைகூட மாறவில்லை.

நீ வெடியைக் கையில் பிடிக்கவில்லை, சரவணா. அன்றைக்கு நீ எந்தச் சேட்டையும் செய்யவில்லை. நீ சொல்பேச்சு கேட்டாய். கேட்டதால்தான் உன் கை வெந்தது. இதைச் சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம். இனி எழுதப்போவதெல்லாம் அது எப்படி நடந்தது, நான் என்ன செய்தேன், இனி என்ன செய்யப்போகிறேன் என்பதுதான்.

அப்போது நாம் ஆமத்தூர் ரோட்டு வாடகை வீட்டில் இருந்தோம். உனக்கு ஆறு வயது. அப்பா பிரஸ்ஸில் கட்டிங் மெஷினில் நின்றார். நான் வீட்டில் உட்கார்ந்து பட்டாசுக்கு வெறுங்குழாய் உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். காகிதத்தைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, ஒரு தேய்ப்புத் தேய்த்து உருவினால் ஒரு குழாய். நாள் முழுக்க அதுதான். பேச்சு பேசிக்கொண்டே உருட்டுவேன், உனக்குச் சோறு ஊட்டிக்கொண்டே உருட்டுவேன். கண் பார்க்க வேண்டியதில்லை, கையே எண்ணிக்கொள்ளும். ஒரு குழாயில் ஒரு சுற்றுக் கூடியிருந்தாலும் எடுத்த எடுப்பில் கைக்குத் தெரிந்துவிடும். இதை ஏன் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

காலண்டர் சீசனில் அப்பா வேஸ்ட் ஷீட் கொண்டுவருவார். மெஷின் ஓட ஆரம்பிக்கும்போது முதலில் வருகிற தாள்களில் கலர் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகி நிற்கும். முருகனுக்கு உதடு ஓரிடத்தில், உதட்டுச் சிவப்பு இன்னோரிடத்தில் இருக்கும். பாடப்புத்தகத்துக்கு அட்டை போட ஆகட்டும் என்று முதலாளியிடம் கேட்டுத்தான் கொண்டுவருவார். எனக்கு அந்தத் தாள்களை மடிக்க மனசு வராது. எல்லாரும் சாமியைப் பார்ப்பார்கள். நான் சாமிக்குப் பின்னால் இருக்கிற ஊரைப் பார்ப்பேன். முருகனுக்குப் பின்னால் ஒரு மலை, மலையில் ஒரு பாதை, பாதை ஓரத்தில் சின்னதாக ஒரு வீடு. சரஸ்வதிக்குப் பின்னால் குளமும் அன்னமும். கிருஷ்ணனுக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கிற மாடுகள். வரைந்தவன் எம்புட்டு நேரம் உட்கார்ந்து வரைந்திருப்பான், ஒருத்தரும் பார்க்கவில்லையே என்று இருக்கும். ஒருநாள் கத்தரிக்கோலை எடுத்தேன். சாமி மேல் கத்தரி படவிட மாட்டேன். சுற்றி வெட்டி, பின்னால் இருக்கிற மலையையும் மரத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சாமியைச் சுருட்டித் துணிப் பையில் போட்டுக் கோயிலில் வைத்துவிட்டு வருவேன். அக்கம்பக்கத்தில் ஒரு மாதிரி பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன்.

மலை கிடைத்ததும் அதை நிறுத்த ஓர் இடம் வேண்டியிருந்தது. சோப்பு டப்பா, பழுதான சுவர்க்கடிகாரத்தின் கூடு, டார்ச் லைட்டின் தலை, பாயசக் கிண்ணம், எது கையில் அகப்பட்டாலும் அதற்குள் ஓர் ஊர் கட்டினேன். மாத்திரை அட்டையின் வெள்ளித் தாள் கண்மாய்த் தண்ணீர் ஆகும். தீக்குச்சி ஏணி ஆகும். மருந்துக் குப்பியின் ரப்பர் மூடி முக்காலி ஆகும். உன் கிழிந்த டவுசரின் ஜிப்பை நேராகப் பிரித்துத் தண்டவாளமாக ஒட்டி, விருதுநகர் ஸ்டேஷன் ஒன்று சோப்பு டப்பாவில் கட்டினேனே, அது உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நீ ரயில் போகும்வரை பிளாட்பாரத்தில் ஓர் எறும்பை நிறுத்திவைக்கப் பார்ப்பாய். மைதாப் பசை காய்வதற்கு நேரம் ஆகும். அதுவரை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அந்தக் கை உன்னுடையது. "பிடிச்சுக்கோ" என்பேன், பிடித்துக்கொள்வாய். மூக்கு அரித்தாலும் எடுக்க மாட்டாய். "விட்டுறவாம்மா" என்று கேட்டு, நான் சரி என்ற பிறகுதான் விடுவாய். அப்படிப்பட்ட பிள்ளையைத்தான் சொல்பேச்சு கேட்காதவன் என்று ஊரெல்லாம் சொல்லவைத்தேன்.

அந்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பெரிய தகர பிஸ்கட் டப்பா கிடைத்தது. நீ அதில் ராஜா வீடு வேண்டும் என்றாய். பக்கத்துக்கு மூன்றாக ஆறு தூண் வைத்து அரண்மனை கட்டலாம் என்று நான்தான் சொன்னேன். வேஸ்ட் ஷீட்டிலேயே ஆறு குழாய் உருட்டியும் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எனக்கு அவை போதவில்லை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா அக்கா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். அங்கே பென்சில் மத்தாப்புக்குச் சுற்றுகிற ஊதா நிறத்து மினுமினுப்புத் தாளை ஒருநாள் அவர்கள் சேலையில் ஒட்டியிருக்கப் பார்த்தேன். அந்தத் தாள் சுற்றிய குழாயாக இருந்தால் தூண் பளிங்கு மாதிரி இருக்குமே என்று ஆசை வந்துவிட்டது. கழித்துப்போட்ட குழாய் ஆறு எடுத்துவரச் சொல்லிக் கேட்டேன். அக்கா முதலில் மாட்டேன் என்றார்கள். கம்பெனி கேட்டைத் தாண்டி ஒரு துண்டுத் தாள்கூட வெளியே வரக் கூடாது, தெரிந்தால் வேலை போய்விடும். நான் விடவில்லை. மறுபடியும் மறுபடியும் கேட்டேன். மூன்றாம் நாள் தூக்குவாளிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெடிமருந்து ஏற்றாத குழாய்தான், அடியில் களிமண் அடைத்திருக்கும், அம்புட்டுத்தான் என்றார்கள். அவர்கள் தெரிந்து பொய் சொல்லவில்லை. அவர்களுக்கும் அப்படித்தான் தெரியும்.

ஆறையும் வாங்கி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். ஐந்து ஒரே மாதிரி இருந்தன. ஆறாவது கனத்தது. கொஞ்சம்தான், வேறு யாருக்கும் தெரியாது. குழாயிலேயே காலம் தள்ளுகிற எனக்குத் தெரிந்தது. இது வேற மாதிரி இருக்கே என்று கை சொன்னது. ஆறிலும் அடியில் களிமண்ணும் மேல்முனையில் முறுக்கிய தாளுமாக அடைத்திருந்ததால் கண்ணில் வைத்துப் பார்க்கவும் வழியில்லை. ஊசியை எடுத்துக் குத்திப் பார்த்திருக்கலாம். குத்தினால் மினுமினுப்புத் தாள் கிழியும், அப்புறம் ஐந்து தூண்தான் மிஞ்சும், ஒரு பக்கம் மூன்றும் மறுபக்கம் இரண்டுமாக அரண்மனை அசிங்கமாக இருக்கும். களிமண் கூடுதலாக அடைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்து வைத்துவிட்டேன். சரவணா, நடந்ததில் எனக்குத் தெரியாமல் நடந்தது எதுவும் இல்லை. இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் ஐந்து தூணை ஒட்டிவிட்டோம். ஆறாவதை ஒட்டும்போது கரண்ட் போயிற்று. இருட்டில் பசை வழிந்து தூண் சாய ஆரம்பித்தது. அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன், பிடித்துக்கொண்டாய். அலமாரியிலிருந்து துண்டு மெழுகுவர்த்தியை எடுத்துப் பொருத்தினேன். எங்கே வைத்தேன் தெரியுமா? அரண்மனைக்கு உள்ளே, நடுக்கூடத்தில். ராஜா வீட்டில் விளக்கு எரிந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கே ஆசை. நீ குனிந்து உள்ளே பார்த்து, சாமிக்குப் பின்னால் இருந்த மலை வெளிச்சத்தில் தெரிகிறது என்றாய். பசையை எடுக்க நான் இரண்டடி தள்ளிப் போனேன். தூணின் மேல்முனைத் தாள் சுடரில் பட்டது. அப்போதுகூட விடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ விட்டிருப்பாய். உள்ளே இருந்த மருந்து பிடித்துச் சீறிக்கொண்டு பொறி கிளம்பியபோது நீ என்னைப் பார்த்தாய். "விட்டுறவாம்மா" என்று கேட்டாய். எனக்கு வாய் வரவில்லை. நான் பாய்ந்து வந்து உன் கையை இழுப்பதற்குள் முடிந்துபோயிற்று. நீ கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை.

தெருவில் அப்போது பிள்ளைகள் வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். உன்னைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினபோது வெடியா வெடியா என்று நாலு பேர் கேட்டார்கள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். பொய் அங்கே ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். பத்த வச்ச வெடியைக் கையில் பிடித்துவிட்டான், சொல்லச் சொல்லக் கேட்கவில்லை என்றேன். பேச்சியம்மா அக்காவின் வேலை போய்விடக் கூடாது என்பதற்காகச் சொன்னதாக ரொம்ப நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அது பாதி உண்மைகூட இல்லை. அந்த டப்பாக்களைக் குப்பை என்றும் ஒருநாள் தூக்கி ஓடையில் எறியப்போகிறேன் என்றும் உங்கப்பா அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்தால் எறிந்திருப்பார், என்னையும் ஊர் காறித் துப்பியிருக்கும். என் டப்பாக்களையும் என் முகத்தையும் காப்பாற்றிக்கொள்ளப் பழியை உன் மேல் போட்டேன். ஆறு வயதுப் பிள்ளையைத் திருப்பி யாரும் கேட்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

அப்பா பிரஸ்ஸிலிருந்து மை படிந்த சட்டையோடு ஓடிவந்தார். உன் கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தார், நான் சொன்னதைக் கேட்டார், பயத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் உன் முதுகில் ஓர் அடி வைத்தார். "சொன்னா கேக்க மாட்டியாலே" என்றார். நீ அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். அம்மா இப்போது சொல்வாள் என்று காத்திருந்த பார்வை அது. நான் குனிந்து உன் கட்டைச் சரி செய்வதுபோல் இருந்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கு வந்து நாலைந்து நாள் கழித்து, நான் கஞ்சி ஊட்டும்போது நீ கேட்டாய். "நான் வெடியவாம்மா பிடிச்சேன்?" கேட்டது நீ மட்டும்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. யாருக்கும் பயப்பட வேண்டிய நேரம் இல்லை அது. "ஆமா ராசா, வலியில உனக்கு மறந்துபோச்சு" என்றேன். நீ கட்டுப் போட்ட கையைப் பார்த்தாய். அப்புறம் சரி என்று வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டாய். அதற்கு அடுத்த தீபாவளியில், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் வெடியைக் கையில் பிடிக்காதே, நான் பிடித்துத்தான் இப்படி ஆயிற்று என்று நீயே சொல்லிக்கொண்டிருந்ததை ஜன்னல் வழியாகக் கேட்டேன். அன்றைக்குக் கதை முழுக்க உன்னுடையதாகிவிட்டது. நான் அதற்கு வெளியே நின்றுகொண்டேன்.

டப்பாக்களைப் பெட்டியில் பூட்டிப் பரணில் ஏற்றினேன். நீ காலேஜுக்குப் போன பிறகுதான் மறுபடி கத்தரியை எடுத்தேன். வீடு வெறிச்சோடியிருந்தது, கை சும்மா இருக்கவில்லை. அப்புறம் கட்டியது எத்தனையோ. லீவுக்கு வந்த ஒரு சமயம் நீ அலமாரி முழுக்கப் பார்த்துவிட்டு, ஏம்மா உன் ஊரில் ஒரு வீட்டுக்குக்கூடத் தூண் இல்லை என்று கேட்டாய். பேப்பரில் தூண் நிற்காது என்றேன். குழாய் உருட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவனிடம் சொல்கிற பதிலா அது? நீ சிரித்துவிட்டுப் போனாய். நீ எதையும் இரண்டாம் தடவை கேட்க மாட்டாய். அந்தக் குணம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

உன் கை வளைந்ததைவிட நீ வளைந்ததுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கோயம்புத்தூரில் மோட்டார் கம்பெனியில் ஒரு பம்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிற வேலை உனக்கு. ஒரு தடவை பார்த்தால் போதும் என்பதை நாலு தடவை பார்ப்பாயாம், உன் சிநேகிதன் சொல்லிச் சிரித்தான். பைக்கில் பின்னால் யாரையும் ஏற்ற மாட்டாய். உன் சித்தப்பா மகளுக்குப் பிள்ளை பிறந்தபோது எல்லாரும் வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள். உன்னிடம் நீட்டினபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய். "என் கையை நம்பிக் குடுக்காதீக அக்கா" என்றாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். ஒரு மனுஷன் தன் கையையே நம்பாமல் இருபத்தெட்டு வயது வரை வளர்ந்திருக்கிறான், அவன் கை ஒரு தப்பும் செய்யவில்லை. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அதைத் தூக்காமல் நீ கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்துக்கொண்டிருக்கப்போவதில்லை.

பெண் பார்த்துவிட்டு வந்த மறுநாள் அப்பாவிடம் சொன்னேன். ரிட்டயர் ஆன பிறகு அவர் காலையில் பேப்பர் படிக்கிற நேரம் யாரும் பேசக் கூடாது. அந்த நேரத்தில்தான் சொன்னேன், இல்லாவிட்டால் தைரியம் போய்விடும். நான் சொல்லி முடிக்கும்வரை பேப்பரை இறக்கவில்லை. முடிந்ததும் மடித்தார். கத்துவார், டப்பாக்களைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். எறியட்டும் என்றுதான் இருந்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார். "அன்னைக்கு நான் அவன அடிச்சேன்லா?" ஆமாம் என்றேன். எங்கே என்று கேட்டார். முதுகில் என்றேன். எழுந்து வாசல் பக்கம் போனார். மத்தியானம் சாப்பிடவில்லை. சாயங்காலம் வந்து, "அவங்கிட்ட நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா" என்றார். நான்தான் சொல்வேன் என்றேன். அவர் உன்னிடம் தனியாகப் பேச ஏதோ வைத்திருக்கிறார். கேட்டுக்கொள். அவருக்குப் பேச வராது, நீதான் கொஞ்சம் பொறுமையாக இருக்க வேண்டும். பேச்சியம்மா அக்கா இறந்து நாலு வருஷம் ஆகிறது, கடைசி வரை யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் உன் கையைத்தான் விசாரிப்பார்கள்.

இனி நான் செய்யப்போவதைக் கேள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி விருதுநகர் போகிறேன். நிவேதா வீட்டில், அதே கூடத்தில் உட்கார்ந்து, அன்றைக்குச் சிரித்தவர்களிடம் இதைச் சொல்லப்போகிறேன். உன் சித்தப்பாவையும் வரச் சொல்லியிருக்கிறேன். நீ பதறுவாய். கல்யாணம் நெருங்குகிற நேரத்தில் எதற்கு என்பாய், உன்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பாய். நினைக்கட்டும். உன் கையைப் பற்றி யாரிடம் என்ன சொல்வது என்பது உன் பாடு. என் தப்பை யாரிடம் ஒப்புக்கொள்வது என்பது என் பாடு, அதில் நீ கை வைக்காதே. வெள்ளிக்கிழமைக்குள் இந்தக் கடிதம் உனக்கு வந்துவிடும். நிவேதா என் வாயிலிருந்து கேட்பதற்கு முன் உன்னிடமிருந்து கேட்க வேண்டும் என்று நினைத்தால் ஃபோன் போட்டு நீயே படித்துக் காட்டு. அந்தப் பெண் பள்ளிக்கூடத்து டீச்சர், பிள்ளைகளை நித்தம் பார்க்கிறவள். அன்றைக்கு எல்லாரும் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை, நான் கவனித்தேன். உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரியும்.

கல்யாணம் ஆகப்போகிற மகனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அதிகம் சொல்லத் தகுதி இல்லை, இருப்பதைச் சொல்கிறேன். சேர்ந்து வாழ்கிற வீட்டில் சின்னப் பொய் ஒன்று வாயில் வந்துவிடும், யாருக்கும் வரும். அன்றைக்கே உடைத்துவிடு. ஒரு ராத்திரி வைத்திருந்தால்கூட அதற்குக் காலும் கையும் முளைத்துவிடுகிறது. விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிச் சிரிக்கிற குடும்பக் கதையாகிவிடுகிறது. நிவேதா உன்னிடம் ஒன்று கேட்டு, நீ பதில் சொல்லத் திணறினால், தெரியவில்லை என்றாவது சொல், வாயடைத்து நிற்காதே. உன் பிள்ளை உன்னிடம் ஒன்றை இரண்டாம் தடவை கேட்டால் கோபப்படாதே, அது நல்ல அறிகுறி. அப்புறம் உன் கை ஏதாவது சொன்னால் கேள். பம்பை நாலு தடவை பார்க்கிறாயே, அது பயத்தினால் பார்ப்பது. முதல் தடவையே உன் கைக்குத் தெரிந்திருக்கும். என் கை சரியாகத்தான் சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. மன்னிப்பதும் மாட்டேன் என்பதும் உன் இஷ்டம். ஒரு மாதம் பேசாமல் இருந்தாலும் சரி, கல்யாண வேலையை நான் அதுபாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் இனி யாராவது கையில் என்ன என்று கேட்டால், சேட்டை என்று நீ சொல்லக் கூடாது. அம்மா பிடிச்சுக்கச் சொன்னாங்க, பிடிச்சேன் என்று சொல். அதுதான் நடந்தது.

இதோடு ஒரு டப்பாவும் வருகிறது, பத்திரமாகப் பிரி. அதே அளவில் தகர பிஸ்கட் டப்பா, தேடிப்பிடித்து வாங்கினேன். உள்ளே அதே அரண்மனை. பின்னால் இருப்பது உன் கல்யாண வருஷத்துக் காலண்டர் மலை, அப்பாவே பிரஸ்ஸில் போய்க் கேட்டு வேஸ்ட் ஷீட் வாங்கிவந்தார். சாமியைச் சுற்றி அவரே வெட்டிக் கொடுத்தார், கட்டிங் மெஷின்காரர் கைக்குக் கத்தரி பழகவில்லை, அன்னத்தின் வாலைக் கொஞ்சம் காவு கொடுத்துவிட்டார், கண்டுகொள்ளாதே. வேஸ்ட் ஷீட்டில் நானே உருட்டிய தூண் ஐந்து நிற்கிறது. ஆறாவது ஒட்டாமல் டப்பாவுக்குள் கிடக்கும். அதை எடுத்துக் கண்ணில் வைத்து ஜன்னல் பக்கம் பார். எந்த முனையையும் அடைக்கவில்லை, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும். பார்த்த பிறகு எடுத்து வை. நீயும் நிவேதாவும் மறுவீட்டுக்கு வரும்போது டப்பாவைக் கொண்டுவாருங்கள். மைதாப் பசை கிண்டி வைத்திருப்பேன். உன் வலது கையால் நீ ஒட்டு. காயும்வரை இந்தத் தடவை நான் பிடித்துக்கொள்கிறேன். நீ விடு என்று சொன்ன பிறகுதான் விடுவேன்.

அம்மா